கல்வராயன் மலையை யார் கண்ணால் பார்ப்பது? பள்ளிக்கு ஒரு கிராஃபிக் நாவல் ஏன் தேவை?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பிறகு பல வாரங்கள் டிவியிலும் ரீல்ஸிலும் கல்வராயன் மலை என்றாலே சாராய ஊறலும் போலீஸ் ரெய்டும்தான். மலைமக்களின் வாழ்நிலையை சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்காக எடுத்த பிறகு, அங்கே ரோடு இருக்கா, பஸ் வருதா என்ற பேச்சும் எழுந்தது.

மலை ஒன்றுதான். பார்க்கும் ஆள் மாறியதும் கதையும் மாறிவிட்டது. இதைத்தான் இலக்கிய வகுப்பில் 'பார்வைக் கோணம்' என்கிறார்கள். கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இது பரீட்சைக்கான இரண்டு மார்க் கேள்வி மட்டுமல்ல. அதைக் கற்றுத்தர நல்ல வழி, ஒரு கிராஃபிக் நாவலை வகுப்பறைக்குக் கொண்டுபோவது.

படத்தில் அப்படி என்ன இருக்கு?

எழுத்தில் கதை சொல்பவர் மறைந்துகொள்ளலாம். படத்தில் அது கஷ்டம். ஒவ்வொரு கட்டமும் யாரோ ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து வரையப்பட்டது. "இதை யார் பார்க்கிறாங்க?" என்று கேட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் விரல் வைத்துக் காட்டிவிடும்.

நல்ல உதாரணம் 'பீமாயணம்'. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் இந்த கிராஃபிக் நாவலை நவயானா பதிப்பகம் 2011-ல் வெளியிட்டது. தமிழிலும் வந்திருக்கிறது. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு பழங்குடிக் கலைஞர்கள். மென்மையான பேச்சு பறவை வடிவக் குமிழிலும், சாதித் திமிரில் வரும் பேச்சு தேள் கொடுக்கு வைத்த குமிழிலும் இருக்கும். பள்ளியில் பியூன் வந்து ஊற்றினால்தான் சிறுவன் பீமுக்குத் தண்ணீர். அந்தக் காட்சியில் வலி யாருடையது, கொடுக்கு யாருடையது என்று டீச்சர் விளக்கவே வேண்டாம்.

'மலையாளி'ன்னா கேரளாவா?

கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் வாய்மொழி மரபு. ஆனால், பெயரைக் கேட்டதும் "கேரளாவில் எந்த ஊர்?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. மலையில் சாதாரணமாகச் சொல்லும் பெயரை, கீழே இறங்கினால் விளக்க வேண்டியிருக்கிறது. தன்னைத் தான் எப்படிப் பார்க்கிறோம், மற்றவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற இந்த இடைவெளிதான் அடையாளம் பற்றிய பாடத்தின் தொடக்கம்.

வகுப்பில் எப்படிச் செய்யலாம்?

பெரிய செலவு இல்லை. ஒரு பள்ளிக்குப் பத்துப் பிரதி போதும். நான்கு பேருக்கு ஒன்று. முதல் வாரம் சேர்ந்து வாசிப்பு. அடுத்த வாரம் வரைதல். உதாரணமாக, மலையிலிருந்து புளி மூட்டை விற்பனைக்கு இறங்குகிறது. எடை போடும் காட்சியை மூன்று கட்டங்களில் வரைய வேண்டும். ஒன்று, விற்க வந்த அம்மாவின் கண்ணில். இரண்டாவது, வியாபாரியின் கண்ணில். மூன்றாவது, கூட வந்த பிள்ளையின் கண்ணில். தராசு எந்தக் கட்டத்தில் பெரிதாகத் தெரிகிறது என்று பேசினாலே பாடம் முடிந்தது.

வியாபாரியின் கட்டம் முக்கியம். தன்னைப் போல் இல்லாத ஒருவரின் இடத்தில் நின்று பார்க்கவும் பிள்ளை பழக வேண்டும். பாதிக்கப்பட்டவர் கதையை மட்டுமே திரும்பத் திரும்பக் கொடுத்தால், 'நாம பாவப்பட்டவங்க' என்ற இன்னொரு முத்திரைதான் மிஞ்சும்.

"படக்கதை படிச்சா படிப்பு கெடாதா?"

பெற்றோர் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் 1960-ல் தினத்தந்தியில் தொடங்கிய 'கன்னித்தீவு' வழியாக எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். படம், பாடநூலுக்கு மாற்று இல்லை; அதற்குள் நுழைய ஒரு வாசல். போர்ஷன் முடிக்கும் அவசரமும் உண்மைதான். அதனால்தான் இதைத் தனிப் பாடமாக்காமல், தமிழ் வகுப்பில் வாரம் ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும்.

வெள்ளிமலை வட்டாரத்து அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் இதைத் தொடங்கலாம். பிள்ளைகள் வரைந்த பக்கங்களைத் தைத்துப் பள்ளி நூலகத்திலேயே வைக்கலாம். அடுத்த முறை கல்வராயன் மலை செய்தியில் வரும்போது, அந்த மலையைப் பற்றி அங்கே வளர்ந்தவர்கள் வரைந்த ஒரு புத்தகமாவது எடுத்துக்காட்ட இருக்கும்.