கம்பத்துக்கு இந்தப் பக்கம்: தீவகத்தின் மின்சாரமும் ஒரு வயறிங்காரரும்

நயினாதீவிலிருந்து வந்த காலைப் படகு குறிகட்டுவான் இறங்குதுறையில் அணைந்தபோது, அம்மன் கோயிலுக்குப் போகக் காத்திருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் இறங்கினார். தோளில் இரண்டு கம்பிச் சுருள். கையில் ஒரு பழைய பெயின்ற் வாளி. அதற்குள் குறடு, ரெஸ்ரர், சுத்தியல், உளி.

"தங்கச்சி, பின்னேரப் படகை நான் விடேலாது. முதல்ல மோட்டரைக் காட்டுங்கோ" என்றார்.

வீடு சின்னம்மாவுடையது. இறங்குதுறையிலிருந்து நடந்து போகும் தூரம். முதல் வாரம் மழை விட்டிருந்த ஒரு காலையில் அவர் கிணற்று மோட்டரைப் போட்டிருக்கிறார். மோட்டர் ஓடவில்லை. என்ன கோளாறென்று கையை வைத்தவரை மின்சாரம் தூக்கி எறிந்துவிட்டது. செருப்புப் போட்டிருந்ததால் பிழைத்தார் என்பது அயலவரின் முடிவு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தது அதனால்தான்.

ஒரு மணி நேரம் சுவிச்சுகளைக் கழற்றிப் பார்த்த பிறகு வயறிங்கார அண்ணை கூப்பிட்டுக் காட்டினார். மோட்டர் பிளக்கின் ஏர்த் முனையில் கம்பி இருந்தது. ஆனால் அது நிலத்துக்குப் போகவில்லை. பிளக்கின் பின்பக்கமே நியூட்ரல் கம்பியோடு முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. வீட்டில் ஏர்த் கம்பி அடித்த இடமே இல்லை. மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் ட்ரிப் சுவிச் இருந்தது, அதுவும் அலங்காரத்துக்கு. அதைத் தாண்டி நேரே கம்பி போட்டிருந்தார்கள்.

"நியூட்ரலையும் ஏர்த்தையும் இப்பிடிக் கட்டினால் ட்ரிப் சுவிச் விழுந்துகொண்டுதான் இருக்கும். அது ஏன் விழுகுதெண்டு பாராமல், விழுகிற சாமானை விலக்கிப்போட்டுப் போயிட்டினம். பிறகு உப்புக்காத்தில நியூட்ரல் மூட்டு கறள் பிடிச்சு விட்டிட்டுது. மோட்டர் ஓடாது. ஆனால் அதின்ர உடம்பு முழுக்கக் கறண்ட்."

இதைச் செய்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. சின்னம்மா கேட்டது தண்ணி வரவேண்டும் என்பது. தண்ணி வந்தது. சில வருடங்கள் வந்துகொண்டே இருந்தது.

சமாளிப்பின் பள்ளிக்கூடம்

எங்கள் மண்ணில் மின்வேலை தெரிந்தவர்களில் ஒரு தலைமுறை எங்கே படித்தது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் இருந்தது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடை. மண்ணெண்ணெய் பவுண் விலை. ஜாம்போத்தல் விளக்கில் படித்தோம் என்று எங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் சொல்லும் காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டுச் செய்தி அறிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

நயினாதீவு அண்ணை அப்போது யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்திருந்த பொடியன். டைனமோவில்தான் தொழில் தொடங்கியதாகச் சொல்கிறார். பிறகு ஜெனரேற்றர், பிறகு வீட்டு வயறிங். யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஒருவருக்கு உதவியாளாகப் போய்ப் பழகினார்.

அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் அந்தக் காலத்தைக் கடந்திருக்க முடியாது. ஆனால் அன்று கையில் இருந்தது ஒரு டைனமோவின் சில வோல்ற். இன்று சுவருக்குள் ஓடுவது 230 வோல்ற். இருப்பதை வைத்துச் சமாளி என்ற பாடம், அன்று உயிர் காத்தது. இன்று அதே பாடம் ஏர்த்துக்குப் பதிலாக நியூட்ரலைக் கட்டுகிறது, எரிந்த பியூசுக்குப் பதிலாகக் கிடைத்த செப்புக் கம்பியைச் சுற்றுகிறது, 15 அம்பியர் முனையிலிருந்து அடப்டர் வைத்து மூன்று சாமான்களை இழுக்கிறது.

அண்ணை ஒரே வரியில் சொன்னார்: "அப்ப லைற் எரிஞ்சாப் போதும், தங்கச்சி. இப்ப ஆள் சாகக்கூடாது."

வீடுகளின் கதையும் இதற்குத் துணைபோகிறது. 1991 இல் புங்குடுதீவு வெறுமையானபின் பல வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கூரை போனது, கதவு போனது, சுவரிலிருந்த செப்புக் கம்பியும் போனது. திரும்பி வந்தவர்கள் முதலில் ஓர் அறையைத் திருத்தினார்கள், அதற்கு ஒரு குமிழ். பிறகு குசினிக்கு ஒரு கம்பி, கிணற்றடிக்கு ஒரு கம்பி. வெளிநாட்டுக் காசு வந்தபோது குளிர்சாதனப் பெட்டி வந்தது, கமரா வந்தது. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஏசியும் வந்தது. ஒரு குமிழுக்கென்று இழுத்த கம்பியின் வாலில் இவை அத்தனையும் தொங்குகின்றன. முழு வீட்டுக்கும் ஒரே தடவையில் திட்டமிட்டு வயறிங் செய்யப்பட்ட வீடு, திரும்பி வந்தவர்களிடையே அரிது.

தலைநகரங்கள் பேசிய மின்சாரம்

தீவக மின்சாரம் உலகச் செய்தியான காலமும் உண்டு. புங்குடுதீவுக்கு வாணர் தாம்போதி வழியாகத் தரைத் தொடர்பு இருக்கிறது. ஆனால் குறிகட்டுவானில் படகேறிப் போகும் நயினாதீவும் நெடுந்தீவும், ஊர்காவற்றுறையிலிருந்து போகும் அனலைதீவும் தேசிய மின்வலைக்கு வெளியே, டீசல் பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்தவை. இந்த மூன்று தீவுகளுக்கும் காற்று, சூரியன், பற்றரி, டீசல் சேர்ந்த கலப்பு மின்திட்டம் ஒன்றை ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் அமைக்க, 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்று தெரிவானது. நெடுந்தீவு இராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் இருப்பதால் இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டு டிசம்பரில், மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்படுவதாகக் கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் 1 அன்று, இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில், இந்திய நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாட் சூரிய சக்தி, 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட் மணி பற்றரிச் சேமிப்பு, 2,500 கிலோவாட் டீசல் துணைப் பிறப்பாக்கி என்பன திட்டத்தின் அளவுகள்.

தெரிவான நிறுவனத்துக்கும் கைச்சாத்தான ஒப்பந்தத்துக்கும் இடையே மூன்று வருடங்களுக்கு மேல் போயின. அந்தக் காலம் முழுவதும் வெளிவந்த கட்டுரைகளில் பீஜிங் இருந்தது, டில்லி இருந்தது, கொழும்பு இருந்தது. மின்சாரத்தைப் பாவிக்கப்போகும் வீடு இருக்கவில்லை.

இதில் ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பு மீற்றரோடு முடிகிறது. மீற்றருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பொறுப்பு. நன்கொடையும் கடனும் தூதரக அறிக்கையும் கம்பம் வரைதான் வரும். கம்பத்திலிருந்து கிணற்றடி மோட்டர் வரையான சில மீற்றர் தூரம் யாருடைய திட்டத்திலும் இல்லை. மின்சாரம் ஆளைக் கொல்வதென்றால், பெரும்பாலும் அந்தச் சில மீற்றருக்குள்தான்.

போருக்குப் பின்னான இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. அத்திவாரம் பார்த்து ஒரு பகுதி, சுவர் பார்த்து ஒரு பகுதி, கூரை பார்த்து ஒரு பகுதி. சுவருக்கும் கூரைக்கும் இருந்த அந்தப் பார்வை, அவற்றுக்குள் ஓடும் கம்பிக்கும் தேவை.

கையும் காகிதமும்

புதிய இணைப்பு எடுப்பவர் வயறிங் சோதனை அறிக்கை கொடுக்கவேண்டும். அதில் தகுதியுள்ளவர் ஒப்பமிடவேண்டும். நல்ல விதிதான். ஆனால் தீவகத்தில் வேலை செய்யும் கை ஒன்று, ஒப்பமிடும் கை இன்னொன்று. அயலில் ஒருவர் சொன்னார்: வயறிங் செய்தவர் ஊர்க்காரர், ஒப்பம் பட்டணத்திலிருந்து வந்தது, ஒப்பமிட்டவர் வீட்டை வந்து பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தால் யாருடைய உயிருக்கும் காவலில்லை.

மின்னியலாளர்களுக்கு உரிமம் வழங்கும் ஏற்பாட்டை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முன்னெடுத்து வருகிறது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் அதற்கு அடிப்படை. அனுபவத்தால் தொழில் பழகியவரையும் சோதித்து இந்தச் சான்றிதழை வழங்கும் வழி இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை அதைச் செய்கிறது.

நயினாதீவு அண்ணைக்கு இது தெரியும். "போய்ச் செய்யலாம்தான். படகு, பஸ், படிவம், சோதனை எண்டு எத்தினை நாள்? அந்த நாளுக்குச் சம்பளம் ஆர் தாறது?" என்றார். அவரிடம் வேலை பழகிய இரண்டு பொடியள் சான்றிதழ் எடுத்துவிட்டார்கள். இருவரும் இப்போது கட்டாரில். இளையவர்களுக்குச் சான்றிதழ் வெளிநாட்டுக்கான கடவுச்சீட்டு. ஊரில் தங்கியவருக்கு அது எட்டாத காகிதம்.

தீர்வு பெரிய செலவு கேட்கவில்லை. சோதிக்கும் அதிகாரி குறிகட்டுவானுக்கு வரட்டும். இறங்குதுறைக்கு அருகே ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் இருந்து, நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு வயறிங்காரர்களை அழைத்து, பிழையைத் திருத்தி, தகுதியானவருக்குச் சான்றிதழ் கொடுக்கட்டும். 11 மில்லியன் டொலர் திட்டம் வரும் தீவுகளுக்கு இதுவும் வரலாம்.

வேலைக்கு ஆள் பிடிக்கும்போது

அதுவரை நாங்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. அன்று பின்னேரம் வரை அண்ணையோடு நின்று கற்றதைச் சொல்கிறேன்.

முதலாவது, ட்ரிப் சுவிச். பியூசும் பிறேக்கரும் கம்பியைக் காப்பவை. ஆளைக் காப்பது ட்ரிப் சுவிச். வீட்டுக்குரியது 30 மில்லி அம்பியரில் விழவேண்டும். அது 7 வாட் குமிழ் ஒன்று இழுக்கும் அளவு மின்னோட்டம்தான். அதைவிடக் கூடினால் மனித இதயம் தடுமாறக்கூடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள். அடிக்கடி விழுந்தால் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். நேரே கம்பி போட்டுத் தருகிறேன் என்பவரைத் திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாவது, ஏர்த். எங்கள் நிலம் முருகைக்கல். கோடையில் காய்ந்தால் மின்சாரம் நிலத்துக்குள் இலகுவில் இறங்காது. கோல் ஆழமாக, ஈரம் நிற்கும் இடத்தில் இறங்கவேண்டும். அடித்தால் மட்டும் போதாது, அளந்து பார்க்கவேண்டும். அளக்கும் கருவி அண்ணையிடம் இல்லை. வேலணையில் ஒருவரிடம் இரவல் வாங்கினோம்.

மூன்றாவது, கம்பியின் பருமன். லைற்றுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67 என்பது கடைக்காரருக்கும் தெரிந்த கணக்கு. மோட்டருக்கும் ஏசிக்கும் தனித்தனிக் கம்பி. 2017 இல் 13 அம்பியர் சதுர முனைப் பிளக் நாட்டின் ஒரே நியமமாக்கப்பட்டது. பழைய வட்ட முனைகளை மாற்ற நினைத்தால் வயறிங் செய்யும்போதே மாற்றுங்கள்.

கடைசியாக, விலை. எங்கள் பில்லில் பாதிக்கு மேல் கம்பியும் ட்ரிப் சுவிச்சும். கூலி அதைவிடக் குறைவு. இரண்டு பேரிடம் விலை கேட்டுக் குறைந்தவரைப் பிடிப்பது எங்கள் வழக்கம். குறைந்த விலையில் முதலில் விடுபடுவது ஏர்த் கம்பிதான். அது இல்லாவிட்டாலும் லைற் எரியும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் உறவுகளும் ஏசிக்கு முன் இதைக் கேளுங்கள்: வீட்டில் ஏர்த் இருக்கிறதா, ட்ரிப் சுவிச் விழுகிறதா?

வேலை ஒரே நாளில் முடியவில்லை. அண்ணை மூன்று நாள் படகேறி வந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் சோதனைப் பொத்தானை அழுத்தினார். 'டக்' என்று விழுந்தது, வீடு இருண்டது. சின்னம்மா குசினியிலிருந்து குரல் கொடுத்தார்:

"என்ன தம்பி, திரும்பவும் கறண்ட் போட்டுதோ?"

"இல்லையக்கா, வேலை செய்யுது" என்றார் அவர். பிறகு சுவிச்சைத் தூக்கிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு படகுக்கு நடந்தார்.