பேழை கிடைத்ததா? பொருள் எங்கே?

“நோவாவின் பேழை கிடைத்துவிட்டது!” “பத்துக் கட்டளைகள் வைக்கப்பட்ட உடன்படிக்கைப் பெட்டியைக் கண்டோம்!” இத்தகைய செய்திகள் அவ்வப்போது வெளிவருகின்றன. படித்ததும் நமக்கு மெய் சிலிர்க்கிறது. ஆனால், மாணவ நண்பர்களே, உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பொருள் எங்கே? அதைப் பிறர் சோதித்தார்களா?

1955-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஃபெர்னான் நவாரா, துருக்கியிலுள்ள அராரத் மலையின் பனியிலிருந்து ஒரு மரத்துண்டைக் கொண்டுவந்தார். அது நோவாவின் பேழையைச் சேர்ந்தது என்றார். நிறத்தையும் அடர்த்தியையும் பார்த்த சிலர், மரத்தின் வயது 5,000 ஆண்டுகள் என்று கணித்தனர். ஆனால் இவ்விரண்டும் மரம் கிடந்த இடத்தின் ஈரத்தையும் குளிரையும் பொறுத்து மாறும். இவற்றை நம்பி வயது சொல்ல முடியாது.

கார்பன்-14 அப்படியல்ல. உயிருள்ள மரம் அதைக் காற்றிலிருந்து பெறுகிறது. மரம் இறந்ததும் வரவு நின்றுவிடுகிறது. இருப்பு மட்டும் சிதைந்துகொண்டே போகிறது. 5,730 ஆண்டுகளில் அது பாதியாகிவிடும். எஞ்சியதை அளந்தால் வயது தெரிந்துவிடும். அராரத் மரத்தை இம்முறையில் பல ஆய்வுக்கூடங்கள் சோதித்தன. கிடைத்த வயது ஏறத்தாழ 1,200 முதல் 1,700 ஆண்டுகளே! நோவாவின் கதை எழுதப்பட்டதோ அதற்கும் வெகு காலம் முன்பு.

நவாராவின் மரமாவது சோதனைக்கு வந்தது. அமெரிக்கரான ரான் வயட், 1982-இல் ஜெருசலேமின் அடியிலுள்ள குகையொன்றில் உடன்படிக்கைப் பெட்டியைக் கண்டதாகச் சொன்னார். 1999-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பெட்டி எந்த ஆய்வாளரின் கைக்கும் வரவில்லை.

அப்படியானால் எல்லாமே பொய்தானா? இல்லை. 1947-இல் சாக்கடலருகே ஒரு குகையில் ஆடு மேய்ப்பவர்கள் கண்டெடுத்த சுருள்களையும் சிலர் சந்தேகித்தனர். சுருள்களோடு கிடைத்த துணியை விஞ்ஞானி லிபி கார்பன் முறையில் சோதித்தார். அதன் வயது சுமார் 1,900 ஆண்டுகள் என்று தெரிந்தது. எழுத்துகளின் வடிவமும் அவற்றின் பழமைக்குச் சான்று கூறியது. சந்தேகம் அந்தச் சுருள்களின் மதிப்பைக் குறைக்கவில்லை, உறுதிப்படுத்தியது.

ஒருவரது சமய நம்பிக்கையை எடைபோடுவது விஞ்ஞானத்தின் வேலையல்ல. மண்ணிலிருந்து எடுத்ததாகச் சொல்லும் பொருளைச் சோதிப்பதுதான் அதன் வேலை. போலிப் புதையலால் முதலில் ஏமாறுகிறவர்கள் அதை மனமார நம்பியவர்களே. ஆகவே, துணிந்து கேளுங்கள். உண்மையான பொருள் உங்கள் கேள்விக்கு அஞ்சாது.