பிரேக் மட்டும் புதுசு!

லண்டனிலிருந்து மாப்பிள்ளை போன் பண்ணினார். "மச்சான், வீட்டிலேயே கார் கட்டப் போறேன். 1957-ல வந்த லோட்டஸ் செவன் மாதிரி! எல்லாம் பழைய பார்ட்ஸ்தான். இன்ஜின் ஒரு கடையில, கியர்பாக்ஸ் வேற கடையில... மலிவா இருக்கு. கணக்குப் பாருங்களேன்."

பி.காம். படித்த பாவம்! பார்த்தேன்.

"மாப்ளே, ஒண்ணோட ஒண்ணு சேரலைன்னா மலிவும் தண்டம்தான். ஓடுற பழைய கார் ஒண்ணை முழுசா வாங்குங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாருங்க. இன்ஜின் இருமுதா, கியர் முனகுதானு தெரிஞ்சுடும். மீந்ததை வித்தா வரவு!"

"ஃபோர்டு எஸ்கார்ட்?"

250 பவுண்டில் கார் கட்டலாம் என்று 1996-ல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகத்தில் அதுதான் கதாநாயகன். ஆனால், பின்சக்கரம் இழுக்கும் எஸ்கார்ட் 1980-ல் நின்றுவிட்டது. அடுத்து வந்தது முன்சக்கர ரகம். பேர் ஒன்று, குணம் வேறு! பழசுக்கோ இன்று ஏக கிராக்கி. கடைசியில் மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்று முடிவானது. இன்ஜின் முன்னால், இழுவை பின்னால்.

"பிரேக் பேடு, ஹோஸ்கூட அதுலயே எடுத்துக்கறேன். மிச்சம்!"

"அது மட்டும் புதுசு வாங்குங்க. பணம் நான் தர்றேன்."

"நீங்களா! ஏன் மச்சான்?"

பக்கத்து ஸீட்டில் உட்காரப் போவது என் தங்கையாச்சே!