மரத்துக்கு உள்ள மதிப்பு மனிதனுக்கு இல்லையா?



பால் வற்றிய மரத்தைத் தோட்ட நிர்வாகம் என்ன செய்கிறது? மறுநாளே வேரோடு சாய்த்துவிடுகிறதா? இல்லை. உளி படாமல் ஓய்வு கொடுக்கிறது. ஒரு பக்கத்துப் பட்டை கெட்டால் மறுபக்கத்தில் வெட்டுத் திறக்கிறது. நல்லது, மரம் பிழைக்கட்டும்!

அந்த மரத்தை வெட்டிய தொழிலாளியின் கை முடமானால்? திராவகம் தெறித்துக் கண் ஒன்று போனால்? "நஷ்ட ஈடு கிடைத்ததே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்டுக் கணக்கை முடிக்கப் பார்க்கிறார்கள். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம், நிரந்தர ஊனத்துக்கு ஒரு மொத்தத் தொகை கொடுத்தது. கைக்கு விலை பேசிக் கொடுத்த காசு கரைந்த பிறகு, அவன் கதி என்ன என்று கேட்பாரில்லை. 1969-இல் சொக்சோ சட்டம் வந்தது. 1971-இல் நடைமுறை கண்டது. சிகிச்சைக் காலத்தில் கூலியில் 80 விழுக்காடு, ஊனத்தின் அளவுக்கேற்ப உதவித்தொகை என்று உரிமைகள் பிறந்தன. 2007-இல் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டமும், 2014-இல் மலாக்காவில் மறுவாழ்வு மையமும் வந்தன. செயற்கைக் கால், உடற்பயிற்சிச் சிகிச்சை, புதுத் தொழிற்பயிற்சி எல்லாம் உண்டு. சட்டம் வளர்ந்துவிட்டது, நிர்வாகத்தின் மனம் வளர்ந்ததா?

ஒரு கை போனதால் ஒருவனின் தொழிலறிவும் போய்விடுமா? எவ்வளவு ஆழம் உளி இறங்கலாம், எங்கே இறங்கினால் மரம் காயப்படும், எந்த மரம் வற்றப்போகிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. புதிதாக வருபவனுக்கு வெட்டுப் பழக்க அவனைவிடச் சிறந்த ஆசான் யார்? ஸ்டோரில் பால் நிறுக்கவும், மெட்ரோலாக் வைத்துக் கெட்டி பார்க்கவும், நாற்றுப் பண்ணையைக் கவனிக்கவும் அவனால் ஆகாதா? ஆகும்! ஆகாது என்பது சோம்பல் நிர்வாகத்தின் சாக்கு.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. "தலைவிதி" என்று சொல்லி அடிபட்டவனைத் திண்ணையில் உட்கார வைப்பது அன்பல்ல. வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடும் என்று பயமுறுத்துவோரை நம்பாதீர்கள். வேலை விபத்துக்கான நிரந்தர ஊன உதவித்தொகை, உழைப்பதால் நிற்பதில்லை. பரிதாபமும் சம்சுவும் மனிதனை நிமிர்த்தா. காலையில் எழுந்து போக ஒரு வேலை இருப்பதே நிமிர்த்தும்.

கிராணிமாரே! விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பாரம் உங்கள் மேசையில் தூங்கினால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும். தூங்க விடாதீர்கள்.

நமது கோரிக்கை மூன்று: அடிபட்ட தொழிலாளிக்குத் தகுந்த மாற்று வேலை, அந்த வேலை கிடைக்கும்வரை வீட்டைக் காலி செய்யச் சொல்லாமை, இவ்விரண்டும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தாக இடம்பெறுதல். ஒவ்வொரு தோட்டக் கிளையும் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்கட்டும். கேட்பது பிச்சையல்ல, உரிமை!