ஒளிப்படமும் ஊர்ச்சான்றும்

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டி மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. அதிலுள்ள கல்வெட்டு, 1914 முதல் 1918 வரை நடைபெற்ற பெரும்போருக்கு அவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர்நீத்தனர் என்றும் தெரிவிக்கிறது. கல்லில் எண்ணிக்கை உண்டு, பெயர்கள் இல்லை.

அதே போரில் ஈடுபட்ட இந்தியப் படைவீரர்களின் முகங்கள் கடல்கடந்த காப்பகங்களில் உள்ளன. இலண்டனில் 1917ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இம்பீரியல் போர் அருங்காட்சியகம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைப் பாதுகாத்து வருகிறது. அவற்றுள் ஒரு பகுதி மின்னுருவாக்கம் செய்யப்பட்டு இணையத்தில் வைக்கப்பட்டுள்ளது. முன்பு இலண்டன் சென்றாலன்றிக் காண இயலாதவற்றை இன்று ஆம்பூர் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியிலேயே காணலாம். இஃது அரிய வாய்ப்பே. ஆயினும், படம் கிடைத்ததனாலேயே வரலாறு கிடைத்துவிட்டது எனக் கருதுதல் பிழையாகும். உரிய வினாக்களை எழுப்பிப் பிற ஆவணங்களோடு ஒப்பிட்ட பின்னரே ஒளிப்படம் சான்றாகிறது.

எடுத்தவர் யார்?

ஹில்டன் கிர்ட்வுட் என்பவர் 1915ஆம் ஆண்டு பிரான்சில் இந்தியப் படையினரை அதிகார முறையில் படமெடுத்தார். அப்படங்களைப் பிரித்தானிய நூலகம் மின்னுருவாக்கம் செய்துள்ளது. அவற்றுள் சில, போர்முனைக்குப் பின்னால் வீரர்களை நடிக்கச்செய்து எடுக்கப்பட்டவை என ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். போர்க்காலப் படங்கள் தணிக்கைக்கு உட்பட்டே வெளிவந்தன என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அதனால் அப்படங்களைப் பொய்யென ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. போர் எவ்வாறு நடந்தது என்பதற்கு அவை முழுச்சான்று ஆகா. போரை மக்கள் எவ்வாறு காணவேண்டும் என ஆட்சியாளர் விரும்பினர் என்பதற்கு அவை சிறந்த சான்றாகும்.

குறிப்பில் இல்லாதவர்

இத்தகைய படங்களின் கீழ் அமைந்த குறிப்புகள் பலவற்றில் ஆங்கிலேய அதிகாரியின் பெயர் இருக்கும். அவரைச் சூழ்ந்து நிற்போர் 'இந்தியப் படைவீரர்கள்' என்ற பொதுச்சொல்லுக்குள் அடங்கிவிடுவர். காப்பகத் தேடுபொறி இக்குறிப்புகளையே நம்பி இயங்குகிறது. எனவே, வேலூர் எனத் தேடுபவர் வெறுங்கையுடன் திரும்பக்கூடும். படைப்பிரிவு, போர்க்களம், நாள் ஆகியவற்றின் வழியாகத் தேடுவதே பயன்தரும். அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் உள்ள முத்திரையும் கையெழுத்தும் கூடத் துணைபுரியும். படத்தின் முன்பக்கம் மட்டுமே இணையத்தில் காட்டப்படுமாயின் அச்சான்று மறைந்துபோகும்.

காலணி எழுப்பும் வினா

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கையில் வீரர்களின் தோல் காலணிகள் தெளிவாகத் தெரிகின்றன. ஆவாரம்பட்டை கொண்டு மதராஸ் மாகாணத்தில் பதனிடப்பட்ட மாட்டுத்தோல், முதல் உலகப்போரில் பிரித்தானியப் படையின் காலணி மேற்பகுதிக்குப் பெருமளவில் பயன்பட்டது. அதனை அரசே கொள்முதல் செய்யும் நிலையும் அப்போது ஏற்பட்டது. வட ஆற்காட்டின் தோல் தொழிலை அறிந்த மாணவருக்கு, 'இக்காலணியின் தோல் எம் ஊரிலிருந்து சென்றதோ?' என்னும் வினா எழுவது இயல்பு. வினாவை எழுப்புவதோடு படத்தின் பணி முடிகிறது; விடையைக் கொள்முதல் ஏடுகளிலும் வணிகக் கணக்குகளிலும்தான் தேடவேண்டும். சான்று கிடைக்குமுன் 'ஆம்' என எழுதுவது ஊர்ப்பற்றாகலாம், வரலாறாகாது. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துப் பதனிட்ட தொழிலாளர்கள் போர்முனைப் படத்தில் இடம்பெறவில்லை என்பதையும் ஆய்வாளர் மறத்தலாகாது.

பெயர்களைத் தேடி

அயலார் ஆட்சியில் அயலாருக்காக நடந்த போரை இன்று ஆராய்வதால் பயன் என்ன எனச் சிலர் வினவலாம். போரை நடத்தியவர்கள் அயலார்தாம். ஆனால் சென்றவர்களும் மீளாதவர்களும் இம்மண்ணின் மக்கள். அவர்களை அறிந்துகொள்வது போரைப் போற்றுவதாகாது. எவருடைய உழைப்பையும் உயிரையும் கொண்டு அப்பேரரசு போரிட்டது என்பதை அறிவதாகும்.

அதற்குரிய வழிகள் உள்ளன. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவுகள் பலவற்றில், மாண்ட வீரரின் தந்தை பெயரும் ஊரும் காணப்படுகின்றன. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் மாகாண அரசின் கோப்புகள் உள்ளன. படைவீரர்கள் மிகுந்த ஊராக அறியப்பட்ட கம்மவான்பேட்டை வேலூருக்கு அண்மையிலேயே உள்ளது. அத்தகைய ஊர்களில், பழைய டிரங்குப் பெட்டிக்குள் ஓய்வூதிய ஏடோ, பதக்கமோ, மங்கிய ஒளிப்படமோ இருக்கலாம். படத்திலிருப்பவர் இன்னார் எனச் சொல்லத் தெரிந்த முதியவர் மறைந்துவிட்டால், எத்தகைய மின்னுருவாக்கமும் அப்பெயரை மீட்டுத்தராது.

ஆகவே, இணையத்தில் தேடும் மாணவர் தம் ஊரிலும் தேடுதல் வேண்டும். வீட்டுப்படத்தைப் படியெடுத்து, அதிலுள்ளவர் பெயர், ஊர், படைப்பிரிவு, தகவல் தந்தவர் ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் வேறுபடுத்திக் குறித்தல் வேண்டும். மணிக்கூண்டின் கல்வெட்டு 277 என்ற எண்ணோடு நின்றுவிட்டது. அவ்வெண்ணுக்குள் அடங்கிய பெயர்களுள் ஒன்றையேனும் சான்றோடு கண்டறியும் மாணவர், கல் சொல்லாததைச் சொன்னவராவார்.