பக்கத்தில் நின்றவன் நட்சத்திரம் இல்லையா?

மேட்ச் முடிந்து வந்த மகன் முகமே சரியில்லை. "ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?" என்றேன். "ஜெயிச்சோம்" என்று சொல்லிவிட்டு ஷூவை மூலையில் எறிந்தான். ஜெயித்தவன் முகமா இது? தோசை வார்த்துக்கொண்டே மெள்ளக் கேட்டதில் விஷயம் வந்தது. கூடைப்பந்து டீமில் இன்னொரு பையன்தான் பாயிண்ட் எல்லாம் போடுவானாம். இவன் எதிராளியை மறித்து, பந்தைப் பறித்து, அவன் கையில் கொடுப்பானாம். பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டில் அந்தப் பையன் படம் மட்டும் இருந்ததாம். "நான் வெறும் பிப்பன்தாம்மா" என்றான்.

பிப்பன் யாரென்று நான் எங்கே கண்டேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளி நாட்களில் ஆடிய த்ரோபால்தான். அன்று ராத்திரி, 2020-ல் வந்த 'தி லாஸ்ட் டான்ஸ்' என்ற டாக்குமெண்டரியைப் போட்டுக் காட்டினான். ஒரு பகுதி பார்க்கலாம் என்று உட்கார்ந்தவள் ஒரே வாரத்தில் பத்துப் பகுதியையும் பார்த்துவிட்டேன். நான் சீரியல் பார்த்தால் கேலி செய்கிற என் கணவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்பது வேறு விஷயம்!

அமெரிக்காவின் சிகாகோ புல்ஸ் டீமில் மைக்கேல் ஜோர்டான் பெயர் தெரியாதவர்கள் குறைவு. அவர் பக்கத்தில் நின்றவர் ஸ்காட்டி பிப்பன். ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஹாம்பர்க் என்ற சின்ன ஊரில், 12 குழந்தைகளில் கடைக்குட்டி. அப்பாவுக்குப் பக்கவாதம். ஒரு அண்ணன் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர். ஒரே வீட்டில் இரண்டு சக்கர நாற்காலி! அந்த அம்மாவை நினைத்து எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

1991-ல் பிப்பன் நீண்ட கால ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் சம்பளம் ஏறிக்கொண்டே போக, இவர் மாட்டிக்கொண்டார். 1997-98-ல் ஜோர்டானுக்கு 3 கோடி டாலருக்கு மேல். இவருக்கு 30 லட்சம்கூட இல்லை. "ஏமாளி" என்றார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளைக்கு முழங்கால் போய்விட்டால் அந்த வீட்டை யார் பார்ப்பது? மாசா மாசம் சீட்டுக் கட்டுகிற நமக்கு இது புரியும்.

சரி, அவர் நட்சத்திரமா? 1984-ல் ஜோர்டான் வந்தார். முதல் மூன்று வருஷம் பிளே-ஆஃப் ஆட்டங்கள் பத்தில் ஒன்றுதான் ஜெயம். 1987-ல் பிப்பன் வந்தார். பிறகு 1991-லிருந்து மூன்று, 1996-லிருந்து மூன்று, ஆக ஆறு சாம்பியன் பட்டம். ஆறிலும் இரண்டு பேரும் உண்டு. "ஜோர்டான் இல்லாம பிப்பனும் ஜெயிக்கலையேம்மா" என்றான் மகன். வாஸ்தவம். ஆனால் 1993-ல் ஜோர்டான் ஓய்வு பெற்றுப் போன பிறகு, அடுத்த சீசனில் பிப்பன் டீமை நடத்தினாரே? முந்தின வருஷம் 82-ல் 57 ஜெயம், இந்த வருஷம் 55. சூரியன் இல்லாத வானத்தில் இரண்டே ஆட்டம்தான் குறைந்தது!

அதே 1994-ல் ஒரு தப்பும் செய்தார். நியூயார்க்குடன் ஆட்டம் சமநிலையில், மிச்சம் 1.8 விநாடி. கடைசிப் பந்தைப் போடுவது டோனி குகோச், பிப்பன் பந்தை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார் கோச். பிப்பன் மறுத்து பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். குகோச் பந்தைப் போட்டு ஜெயித்தும் விட்டார். "சே!" என்றான் மகன். நான் வாயைத் திறக்கவில்லை. சகோதரிகளே, உங்களிடம் மறைப்பானேன்? என் நாத்தனார் கல்யாணத்தில் ஒரு மாசம் ஓடி ஓடி வேலை செய்தவள் நான். சம்பந்தி எதிரில் சீர்த்தட்டை எடுத்துப் போக மாமியார் என் ஓரகத்தியைக் கூப்பிட்டார். தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். முகூர்த்தத்தையும் பார்க்கவில்லை. இன்னும் அது உறுத்துகிறது. பிப்பன் செய்தது தப்புதான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தை வைத்து அவர் நட்சத்திரமில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1997 ஃபைனலில் உடம்பு முடியாமல் ஆடிய ஜோர்டானைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தவரும் இவர்தானே!

போன சனிக்கிழமை நானும் மகனுடைய மேட்சுக்குப் போனேன். ஸ்கோர் எழுதும் மேஜையில் பாயிண்ட் போட்டவர்கள் பெயர்தான் என் கண்ணில் பட்டது. பையிலிருந்த பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானே கோடு போட ஆரம்பித்தேன். பறித்தது 4. கொடுத்துக் கூடை விழுந்தது 7. ராத்திரி அதை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஏழு இல்லம்மா, எட்டு. ஒண்ணை நீ பார்க்கல" என்றான்.