எண்டவர் கார் மறுபடி வருமா? கையெழுத்தான காகிதத்தில் இருப்பது எஞ்சின் மட்டும்தான்!

உத்திரமேரூர் வட்டாரத்தில் இப்போது ஒரே கார் பேச்சு. சின்ன கார் இல்லை. ஏழு பேர் உட்காரும் பெரிய கார். பெயர் எண்டவர்.

போர்டு கார் கம்பெனி மறைமலைநகர் ஆலையை மறுபடி திறக்கப் போகிறதாம். எண்டவர் அங்கேயே தயாராகுமாம். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினாம். ஆயிரக்கணக்கில் ஆள் எடுப்பார்களாம். டீக்கடையில் ஆரம்பிக்கும் பேச்சு, செங்கல்பட்டு பஸ் புறப்படுவதற்குள் இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது.

கேட்க நல்ல சேதிதான். ஆனால் இந்த மாதிரி பேச்சை நம்பி மனைக்கு அட்வான்ஸ் கொடுப்பவர்கள் உண்டு. பையனுக்கு கம்பெனி வேலை கிடைக்கும் என்று நகையை அடகு வைக்கத் துணியும் வீடுகளும் உண்டு. அதனால் எது நிஜம், எது வெறும் பேச்சு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கையெழுத்தானது என்ன?

2025 அக்டோபர் 31-ந் தேதி தமிழ்நாடு அரசும் போர்டு கம்பெனியும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் முன்னிலையில் இது நடந்தது.

அதன்படி மறைமலைநகர் ஆலையில் புது ரக எஞ்சின்கள் தயாராகும். ஆரம்ப முதலீடு ரூ.3,250 கோடி. ஆண்டுக்கு 2 லட்சத்து 35 ஆயிரம் எஞ்சின்கள் செய்யும் வசதி. உற்பத்தி 2029-ல் தொடங்கும். நேரடி வேலை 600 பேருக்கு மேல். போர்டு கம்பெனி வெளியிட்ட அறிவிப்பில் உள்ள விவரம் இவ்வளவுதான்.

அதில் எண்டவர் என்ற பெயர் இல்லை. எந்தக் காரின் பெயரும் இல்லை. கார் தயாரிப்போம் என்றும் இல்லை. எஞ்சின் தயாரிப்போம், வெளிநாட்டுக்கு அனுப்புவோம். இதுதான் பேச்சு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது கிரயப் பத்திரம் அல்ல. தாம்பூலம் மாற்றிய மாதிரி. முகூர்த்தம் 2029-ல்.

வதந்தி பிறந்தது எப்படி?

எஞ்சின் என்ன வகை, எந்த நாட்டுக்குப் போகும் என்பதை உற்பத்தி தொடங்கும் சமயத்தில் சொல்வோம் என்று கம்பெனி அப்போதே கூறிவிட்டது. அந்த இடைவெளியில்தான் வதந்தி நுழைந்தது. டீசல் என்கிறார் ஒருவர். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் என்கிறார் இன்னொருவர். ஆறு சிலிண்டர் என்று அடித்துச் சொல்கிறார் மூன்றாமவர்.

ஆறு சிலிண்டர் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. இங்கே எண்டவர் என்று ஓடிய வண்டிக்கு வெளிநாடுகளில் எவரெஸ்ட் என்று பெயர். அதன் புது மாடலை 2022 மார்ச்சில் போர்டு வெளியிட்டது. அதில் 2 லிட்டர் டீசல் எஞ்சினும் உண்டு, 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசலும் உண்டு. தயாராவது தாய்லாந்தில். இந்தப் புது வண்டியின் வடிவத்தை இந்தியாவில் பதிவு செய்ததாக 2024 தொடக்கத்தில் செய்தி வந்தது. உடனே எண்டவர் வந்தாச்சு என்று கொட்டு மேளம்!

வடிவத்தைப் பதிவு செய்வது வேறு. வண்டியை விற்பது வேறு. அடுத்தவன் காப்பி அடிக்கக் கூடாது என்பதற்காகவும் கம்பெனிகள் பதிவு செய்து வைக்கும்.

மூடின கதை

போர்டு இந்தியாவில் தொழில் தொடங்கியது 1995-ல், மகிந்திரா கம்பெனியோடு கூட்டு சேர்ந்து. எஸ்கார்ட், ஐகான், பிகோ, எக்கோஸ்போர்ட் என்று வரிசையாகக் கார்கள் வந்தன. எண்டவர் 2003-ல் வந்தது. கல்யாண ஊர்வலத்தில் இருந்து கட்சிக் கூட்டம் வரை அதற்குத் தனி மவுசு. 2016-ல் வந்த மாடலில் 3.2 லிட்டர், ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின். டொயோட்டா பார்ச்சூனருக்கு நேர் போட்டி.

நல்ல நாளில் அந்த ஆலைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் கார்களும் 3 லட்சத்து 40 ஆயிரம் எஞ்சின்களும் செய்யும் வசதி இருந்தது. காஞ்சீபுரம், செங்கல்பட்டு வட்டாரத்துப் பையன்களுக்கு அது ஒரு கனவு வேலை.

2021 செப்டம்பர் 9-ந் தேதி இடி விழுந்தது. 10 ஆண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்றது போர்டு. சுமார் 4 ஆயிரம் ஊழியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று கம்பெனியே சொன்னது. 2022 மே கடைசியில் மறைமலைநகர் தொழிலாளர்கள் கூடுதல் நஷ்டஈடு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது. பிறகு ஆலை ஓய்ந்தது.

ஆசை காட்டி ஏமாந்த வருடங்கள்

அதற்குப் பிறகு எத்தனை ஆசை! 2022 பிப்ரவரியில் மத்திய அரசின் உற்பத்தி ஊக்கத்தொகை திட்டத்தில் போர்டு பெயர் வந்தது. இனி பேட்டரி கார் ஏற்றுமதி என்றார்கள். மே மாதமே கம்பெனி பின்வாங்கியது. 2023-ல் ஆலையை ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் வாங்கப் போகிறது என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்த வருடக் கடைசியில் அந்தப் பேச்சும் முறிந்தது.

2024 செப்டம்பரில் மு.க.ஸ்டாலின் அமெரிக்கா போயிருந்தபோது போர்டு அதிகாரிகளைச் சந்தித்தார். சில நாளில் ஏற்றுமதிக்காக ஆலையைப் பயன்படுத்துவோம் என்று கம்பெனி அரசுக்கு விருப்பக் கடிதம் கொடுத்தது. 2025-ல்தான் அது எஞ்சின் என்று தெளிவானது.

2024-ல் சொன்ன ஒரு கணக்கை இங்கே தனியாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் போர்டின் உலக அலுவலகப் பணிகளில் 12 ஆயிரம் பேர் இருக்கிறார்கள், மூன்று வருடத்தில் இன்னும் 2,500 முதல் 3 ஆயிரம் பேர் வரை சேர்ப்போம் என்றது கம்பெனி. இது கம்ப்யூட்டர், கணக்கு, டிசைன் மாதிரியான ஆபீஸ் வேலை. ஆலை வேலை அல்ல. டீக்கடைப் பேச்சில் இந்த 3 ஆயிரத்தையும் ஆலைக் கணக்கில் சேர்த்தால் தப்பு.

எஞ்சின் வேறு, கார் வேறு

எஞ்சின் செய்தால் கார் தானாக வந்துவிடாதா? வராது. குஜராத்தைப் பாருங்கள். சானந்தில் இருந்த போர்டு கார் ஆலையை 2023 ஜனவரியில் டாட்டா எடுத்துக்கொண்டது. எஞ்சின் பிரிவை மட்டும் போர்டு தன் கையில் வைத்துக்கொண்டது. அங்கே செய்யும் எஞ்சின், வெளிநாட்டில் தயாராகும் ரேஞ்சர் பிக்கப் வண்டிக்கு. ரேஞ்சர் இந்தியக் கடைக்கு வரவில்லை.

மறைமலைநகரிலும் அதுவே நடக்கலாம். எஞ்சின் இங்கே பிறக்கும். கப்பல் ஏறும். எங்கோ ஒரு நாட்டில் பெரிய காருக்குள் உட்காரும். அந்தக் கார் உத்திரமேரூர் வீதிக்கு வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சரி, எண்டவர் வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எப்படி வரும்? முழு காராக இறக்குமதி ஆகலாம். கம்பெனி ஒன்று ஆண்டுக்கு 2,500 வண்டி வரை இங்கே தனிச் சோதனை இல்லாமல் இறக்குமதி செய்ய 2018-ல் விதி தளர்த்தப்பட்டது. வலது பக்க ஸ்டியரிங், வெளிநாட்டுச் சான்று இருந்தால் போதும். ஆனால் சுங்க வரி தலையில் ஏறும். விலை எகிறும். வாங்குபவர் பணக்காரர். வண்டி துறைமுகத்தில் இறங்கி நேராக ஷோரூம் போகும். ஆலையில் ஒரு போல்ட் கூட முறுக்க வேலை இருக்காது.

ஆகக்கூடி, எண்டவர் வதந்தி பலித்தாலும் சாலவாக்கத்துப் பையனுக்கு ஆலை வேலை நிச்சயம் இல்லை. வேலை கொடுக்கப் போவது பெயர் தெரியாத அந்த எஞ்சின்தான்.

600 வேலை: கணக்கு என்ன?

2 லட்சத்து 35 ஆயிரம் எஞ்சினை 600 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 390-க்கு மேல் வருகிறது. முதலீட்டை வகுத்தால் ஒரு வேலைக்கு ரூ.5 கோடிக்கு மேல். அதாவது அங்கே வேலையின் பெரும்பகுதியை மெஷின் செய்யும். சிலிண்டர் பிளாக், ஹெட், கிராங்க் ஷாப்ட் எல்லாம் கம்ப்யூட்டர் மெஷினில் கடைந்து வரும். மனிதன் அந்த மெஷினை ஓட்ட வேண்டும், அளவு பார்க்க வேண்டும், ரிப்பேர் பார்க்க வேண்டும். வெறும் கை பலம் போதாது.

இது பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம். இப்போது பத்தாவது படிக்கும் பையனோ பெண்ணோ, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் மெஷினிஸ்ட், டர்னர், பிட்டர் என்று ஒரு தொழிலை முடித்து, ஒரு வருடம் அப்ரண்டிசும் பார்த்தால் 2029 வாக்கில் தயாராக நிற்கலாம். மறைமலைநகரில் இடம் கிடைக்காவிட்டாலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை கம்பெனிகளில் அந்தப் படிப்பு வீண் போகாது.

மறைமுக வேலையும் வரும் என்கிறது ஒப்பந்தம். உதிரி பாகம், லாரி, கேண்டீன், கம்பெனி பஸ் என்று அது பரவும். ஆனால் எத்தனை, எப்போது என்பது ஆலை ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரியும்.

மனை புரோக்கர், வேலை புரோக்கர்

வதந்தியால் முதலில் சம்பாதிப்பது யார்? மனை புரோக்கர். போர்டு வருது, சதுர அடி விலை ஏறும் என்று மானாம்பதி, பெருநகர் பக்கம் வரை சொல்ல முடியும். மறைமலைநகர் 2019-ல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. 600 பேர் வேலை செய்யும் எஞ்சின் ஆலைக்காக இத்தனை தூரத்தில் மனை விலை ஏன் ஏற வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வில்லங்கச் சான்று, பட்டா, ரெரா பதிவு எண் மூன்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அடுத்தவர் வேலை புரோக்கர். உற்பத்தியே 2029-ல் என்னும்போது, இப்போதே ஆலையில் சீட் பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பலாமா? வேலைக்கு முன்பணம் கேட்டாலே சந்தேகப்பட வேண்டும். போனில், ஆன்லைனில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். நேரில் கொடுத்து ஏமாந்தால் போலீஸ் நிலையம் இருக்கிறது.

பழைய எண்டவர் வைத்திருப்பவர்களும் பேச்சைக் கேட்டு அவசரப்பட வேண்டியதில்லை. புது வண்டி வந்தால் பழையது விலை போகாது என்று சொல்லி மலிவாகத் தட்டிப் போகப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். சர்வீசும் உதிரி பாகமும் தொடர்ந்து கொடுப்போம் என்று கம்பெனி 2021-லேயே சொல்லியிருக்கிறது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், ஊர்ச் சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் எழுதி வைத்தார்கள். எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது இந்த ஊருக்குப் புதிது அல்ல. இப்போதைக்கு எழுத்தில் இருப்பது நான்கு சங்கதிகள்: எஞ்சின், ஏற்றுமதி, 2029, 600 வேலை. ஐந்தாவதாக யாராவது ஒன்றைச் சொன்னால், காகிதத்தைக் காட்டு என்று கேளுங்கள்.